கைமாற்றாகக் கொடுத்த பணம் வரவில்லை: தென்னாப்பிரிக்காவில் வக்கீல் இல்லாமல் வழக்குப் போடலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் என் சகலைக்கு 26,000 ராண்ட் கைமாற்றாகக் கொடுத்து இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. வட்டி எதுவும் பேசவில்லை. "முடியும்போது தருகிறேன்" என்றார். பத்திரம் எழுதவில்லை. பேங்க் டிரான்ஸ்ஃபரும் வாட்ஸ்அப் மெசேஜும்தான் இருக்கின்றன. வக்கீல் வைக்க வசதியில்லை. கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா?

பதில்:

நிற்கும். ஆனால் உங்களுக்கு மிச்சம் மூன்றே மாதம்தான். அதனால் முதலில் தேதியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் வக்கீல் இல்லை. டர்பனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கடன் கொடுத்துவிட்டு வந்து உட்காரும் நம் ஆட்கள் பலரிடமும் சாட்சி இருக்கும், ரசீது இருக்கும், ஆனால் காலம் போயிருக்கும். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டே வருடங்களை விட்டிருப்பார்கள். பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

இந்த நாட்டில் 1969-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு ஆயுள் 3 வருடம், அதற்குப் பிறகு வழக்குப் போட்டால் நிற்காது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதுதான் சிக்கல். "நான் கேட்டு, அவர் மறுத்த நாளிலிருந்துதானே?" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தவணைத் தேதி வைக்காமல், கேட்கும்போது தரவேண்டும் என்று கொடுத்த கடனுக்குப் பணம் கைமாறிய அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் டிரினிட்டி அசெட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனத்தின் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பாக இதைத்தான் சொன்னது. 2008-இல் கொடுத்த கடனை 2013-இல் எழுத்தில் கேட்டார்கள். எழுத்தில் கேட்டு 30 நாளில் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தும் காலம் கடந்துவிட்டது என்று தள்ளிவிட்டார்கள். பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. "முடியும்போது தருகிறேன்" என்பதை வேறு மாதிரி வாதாட இடமிருக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பணம் அனுப்பிய நாளையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு நீங்கள் அனுப்பும் டிமாண்ட் லெட்டர் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. பத்து லெட்டர் போட்டாலும் நிறுத்தாது. சம்மன் முறைப்படி அவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நிற்கும். கோர்ட்டில் முத்திரை குத்தி வாங்கி வீட்டில் வைத்திருந்தாலும் பலனில்லை.

சரி, கடிகாரத்தை முதலிலிருந்து ஓடவைக்க ஒரு வழி இருக்கிறது. கடன்பட்டவர் தன் கடனை ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து மறுபடி 3 வருடம் கிடைக்கும். ஊரில் இந்தியச் சட்டப்படி அந்த ஒப்புதல் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். இங்கே அப்படியில்லை, வாயால் ஒப்புக்கொண்டாலும் போதும், நடத்தையில் தெரிந்தாலும் போதும். கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் ஒப்புதல்தான். வாய்வார்த்தையை நிரூபிப்பது கஷ்டம் என்பதால்தான் உங்கள் வாட்ஸ்அப்புக்கு இவ்வளவு மதிப்பு. மின்னணுச் செய்திகளைச் சாட்சியமாக ஏற்க 2002-இலேயே சட்டம் வந்துவிட்டது.

ஆகவே இன்று இரவே அந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். "கையில காசு வந்ததும் முதல்ல உங்க கடனத்தான் அடைப்பேன் அண்ணா" என்று எழுதியிருந்தால் அது தங்கம். கடன் இருக்கிறது, தரவேண்டியது நான், இரண்டையும் அவரே சொல்கிறார். "பார்க்கலாம்", "ஊருக்குப் போயிட்டு வந்து பேசுவோம்" என்பதெல்லாம் எதற்கும் உதவாது. வெறும் கும்பிடு எமோஜியும் அப்படித்தான். நல்ல மெசேஜ் இல்லையென்றால் சாதாரணமாக ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள்: "அந்த 26,000-ஐ மாதம் எவ்வளவு என்று பிரித்துத் தர முடியும்?" அவர் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் உங்களுக்குப் புதிதாக 3 வருடம்.

இப்போது எந்தக் கோர்ட் என்று பார்ப்போம். சிறு தொகை வழக்குகளுக்கென்றே இருக்கும் ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில் 2019 ஏப்ரலிலிருந்து உச்சவரம்பு 20,000 ராண்ட். உங்கள் தொகை அதற்கு மேல். அங்கே போகவேண்டுமானால் 6,000-ஐ விட்டுக்கொடுக்கவேண்டும், விட்டது விட்டதுதான், பிறகு கேட்க முடியாது. முழுத்தொகையும் வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். அங்கே சம்மன் போனதும் எதிர்த்து வாதாடுவதாகத் தெரிவிக்க அவருக்கு 10 வேலைநாள், பதிலுரைக்கு 20 வேலைநாள், பிறகு ஆவணப் பரிமாற்றம், விசாரணைத் தேதி என்று இழுக்கும். தோற்றவர் செலவைத் தரவேண்டும் என்பது பொது விதிதான். ஆனால் கட்டண அட்டவணைப்படி கிடைப்பது வக்கீல் பில்லில் ஒரு பகுதிதான். மீதி உங்கள் பையிலிருந்து. என்னைக் கேட்டால், இந்தத் தொகைக்கு 6,000-ஐ விட்டுவிட்டு ஸ்மால் கிளைம்ஸ் போவதுதான் புத்திசாலித்தனம்.

அங்கே வக்கீலுக்கு அனுமதியே கிடையாது, அவர் தரப்பிலும் சரி. நீதிபதி இடத்தில் கமிஷனர் என்று ஒருவர் இருப்பார். வக்கீல் தொழிலில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் செய்யும் சேவை அது. கேள்விகளை அவரே கேட்பார், குறுக்கு விசாரணை என்று சினிமாவில் பார்ப்பது எதுவும் இருக்காது. அப்பீலும் கிடையாது. கமிஷனர் ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்பது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் ஹைகோர்ட்டில் மறுபரிசீலனை கேட்கலாம்.

டைல்ஸ் ஒட்ட அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வராமலே போன ஒருவர்மேல் நான் அங்கே வழக்குப் போட்டிருக்கிறேன். மாலை நேரத்து அமர்வு. எனக்கு முன்னால் ஒரு அம்மா போனை நீட்டி, "இதிலே எல்லாம் இருக்கு சார்" என்றார். கமிஷனர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவர் நம்பர் இல்லை, தேதி இல்லை, மேலே "மாமா" என்று மட்டும் இருந்தது. பிரிண்ட் எடுத்து வரச்சொல்லி வேறு தேதி கொடுத்துவிட்டார். என் முறை வந்தபோது பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்த ஒரு வரியைத்தான் முதலில் பார்த்தார். அதற்குக் கீழே பேனாவால் கோடு போட்டுவிட்டு எதிர்த்தரப்பைப் பார்த்து, "இந்தப் பணம் வந்ததா, இல்லையா?" என்று கேட்டார். வந்தது என்றார் அவர். அதன்பிறகு பேச்சு தவணையைப் பற்றித்தான். அங்கேயே ஒத்துக்கொண்டு, அதையே உத்தரவாகவும் எழுதிவிட்டார்கள். சொந்தத்துக்குள் நடக்கும் வழக்கில் இது நல்ல முடிவு, உங்களுக்கும் இதையே விரும்புகிறேன்.

உங்கள் மெசேஜ்கள் தமிழில் இருந்தால் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் பொருளை எழுதி வையுங்கள். நாட்டின் அரசியலமைப்பில் தமிழின் பெயர் மதிக்கவேண்டிய மொழிகளில் ஒன்றாக இருக்கிறது, ஆனால் கோர்ட் ஆட்சிமொழிகளில்தான் நடக்கும்.

வட்டி பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாயிற்று. 2016 நவம்பரிலிருந்து, வட்டிக்குக் கடன் கொடுப்பவர் ஒருமுறை மட்டும் கொடுத்தாலும் கடன் கொடுப்பவராகப் பதிவு செய்திருக்கவேண்டும் என்றாகிவிட்டது. நெருங்கிய குடும்பத்துக்குள் கொடுப்பதற்கு விலக்கு உண்டு, ஆனாலும் அந்தத் தகராறு உங்களுக்கு வேண்டாம். டிமாண்ட் லெட்டரில் ஆர்வக்கோளாறில் "2 வட்டி" என்று எழுதிவிடாதீர்கள்.

டிமாண்ட் லெட்டரில் அவருக்கு 14 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும். பதிவுத்தபாலில் அனுப்பலாம், ஆனால் இங்கே தபால் துறை இருக்கும் நிலையில் நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குவதையே நான் சொல்வேன். வாங்க மறுக்கவும் செய்யலாம், அதனால் சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 14 நாள் முடிந்ததும் கோர்ட் கிளார்க்கிடம் போங்கள். சம்மன் தயார் செய்ய அவரே உதவுவார். செலவு என்று பார்த்தால் முக்கியமாக, சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அதிகாரியான ஷெரிஃபின் கட்டணம்தான். பொதுவாக, அவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் கோர்ட்டில்தான் போடவேண்டும், அதனால் மாரிட்ஸ்பர்க் போய்வரத் தயாராக இருங்கள்.

கிளார்க்கிடம் போகும்போது உங்கள் ஐடி, லெட்டரின் நகல், அதைக் கொடுத்ததற்கான அத்தாட்சி, பேங்க் ஸ்டேட்மென்ட், மெசேஜ் பிரிண்ட், அப்புறம் சகலையின் வீட்டு முகவரியும் வேலையிடத்து முகவரியும் வேண்டும். அவர் வீடு மாறியிருந்தால் சம்மன் போய்ச் சேராது, நாட்களோ ஓடிக்கொண்டே இருக்கும். முகவரியை இந்த வாரமே உறுதிசெய்து கொள்ளுங்கள்.