மரக் கம்பெனிக் காட்டில் வேட்டைக்காரர்கள் எதற்குப் பணம் கட்டுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் வேட்டைக்கு அரசு லைசென்ஸ் வாங்கிய பிறகும், தனியார் மரக்காட்டுக்குள் போகத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாமே, ஏன்? உள்ளே போனால் விரும்பிய இடத்தில் டென்ட் போடலாமா?"

லைசென்ஸ் வேறு, இது வேறு. விலங்கைச் சுட அனுமதிப்பது அரசு. அந்த விலங்கு நிற்கிற நிலத்துக்குள் விட வேண்டியவர் நிலத்துக்குச் சொந்தக்காரர். டென்ட் விதி இடத்துக்கு இடம் மாறும். எனக்கு நேரில் தெரிந்தது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தின் வடக்குக் காடு. அதை வைத்துச் சொல்கிறேன்.

நான் துப்பாக்கி தொடுகிறவன் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்குப் பதினோரு வருடம் விண்ணப்பித்த பிறகு மூஸ் வேட்டை அனுமதிக்கான அரசுக் குலுக்கலில் பெயர் விழுந்தது. மூஸ் என்பது குதிரையை விட உயரமான மான். நன்றாக வளர்ந்த கடா நானூறு கிலோ இருக்கும். சுட்ட பிறகு வண்டி வரைக்கும் கொண்டு வர ஆள் வேண்டும் என்று என்னையும் இன்னொருவரையும் கூப்பிட்டார். அக்டோபரில் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை மெய்னில் வேட்டை கிடையாது.

ஆஷ்லண்ட் என்ற சின்ன ஊரைத் தாண்டி மேற்கே போனால் சிக்ஸ் மைல் செக்போஸ்ட். ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர், வண்டி எண் என்ன, எத்தனை ராத்திரி, எந்த இடத்தில் தங்கப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். கட்டணம் இரண்டு வகை: உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு இவ்வளவு, தங்கினால் ராத்திரிக்கு ஆளுக்கு இவ்வளவு. மெய்ன்காரர்களுக்குக் குறைவு. மாசசூசெட்ஸிலிருந்து போன எங்களுக்கு அதிகம்.

அந்த வாசலுக்கு அப்பால் இருப்பது 35 லட்சம் ஏக்கர், ஏறக்குறைய 14,000 சதுர கிலோமீட்டர். அத்தனையும் ஒரே முதலாளியுடையது அல்ல. கனடாவின் இர்விங் கம்பெனிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் பிங்க்ரீ குடும்பத்துக்கும் இருக்கிறது. இன்னும் பலர். எல்லோர் சார்பிலும் வாசலைப் பார்த்துக்கொள்வது நார்த் மெய்ன் வுட்ஸ் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு. இந்த ஏற்பாடு வந்த கதை முக்கியம். பழைய காலத்தில் வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் ஆலைக்கு அனுப்புவார்கள். கென்னபெக் ஆற்றில் கடைசியாக அப்படி மரம் போனது 1976-ல். அதற்குப் பல வருடம் முன்பே லாரி வரத் தொடங்கிவிட்டது. லாரிக்காகக் காட்டுக்குள் சரளைச் சாலை போட்டார்கள். சாலை வந்ததும் மீன் பிடிக்கிறவர்கள், வேட்டைக்காரர்கள், கேம்பிங் போகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியாகச் சங்கிலி போட்டு மறிப்பதற்குப் பதில், எழுபதுகளில் சேர்ந்து ஒரே வாசல், ஒரே விதி என்று முடிவு செய்தார்கள். நாம் கட்டுகிற பணம் செக்போஸ்ட் ஆட்களுக்கும் தங்குமிடங்களின் பராமரிப்புக்கும் போகிறது. சாலை கம்பெனி மரத்துக்காகப் போட்டது. நாம் அதில் விருந்தாளி.

இப்போது டென்ட். குறித்துவைத்த இடங்களில் மட்டும்தான். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். அதிலும் இரண்டு ரகம். ஒன்றில் நெருப்பு மூட்ட முறையான அடுப்பு வளையம் இருக்கும். அதற்குத் தனி அனுமதி வேண்டாம். இன்னொன்றில் அது இல்லை. நெருப்பு மூட்ட மாநில வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. மேப்பை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் எங்களுக்கு இந்த விதி கசந்தது. இருட்டப் போகிறது, எல்லோருக்கும் களைப்பு. ஓடையோரம் சமதளமாக, சரளை கொட்டி, மைதானம் மாதிரி ஒரு இடம். இங்கேயே போட்டுவிடலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நான்தான் சொன்னேன். நண்பர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். இன்னும் பதினோரு மைல் போய், டார்ச் வெளிச்சத்தில் டென்ட் அடித்தோம். மறுநாள் விடிவதற்குள் அதே வழியாகத் திரும்பினோம். அந்த 'மைதானத்தில்' இரண்டு லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. பெரிய இடுக்கி வைத்த இயந்திரம் மரத்தைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தது. அது மரம் ஏற்றும் களம். நான் டென்ட் போடச் சொன்ன மூலை அந்த இயந்திரம் திரும்புகிற இடம். அதைப் பார்த்தபின் வெகு நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

அதனால் சாலை விதிகளை நான் டென்ட் விதியை விடவும் முக்கியமாகச் சொல்வேன். மர லாரிக்குத்தான் எப்போதும் முன்னுரிமை. நெடுஞ்சாலையில் அனுமதிக்காத அகலத்தில், சாலையின் நடுவில் வரும். கண்ணில் பட்டதும் ஓரம் கட்டி நின்றுவிட வேண்டும். வளைவிலும் பாலத்திலும் நிறுத்தக் கூடாது. புல் முளைத்துக் கிடந்தாலும் கிளைச்சாலை வாயை மறிக்கக் கூடாது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். குண்டு போட்ட வேட்டைத் துப்பாக்கியை வண்டிக்குள் வைப்பது மாநிலச் சட்டப்படியே குற்றம். சைக்கிள், குதிரை, நான்கு சக்கர மோட்டார் பைக் எதற்கும் அனுமதியில்லை. எங்களோடு வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம்.

சரி, ஏரிகளுக்குப் போகவும் பணமா? இதில்தான் மெய்ன் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. மெய்ன் 1820 வரைக்கும் மாசசூசெட்ஸின் பகுதி. 1640-களில் அந்தக் குடியேற்றத்தில் எழுதிய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது: 10 ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கையான ஏரி பொதுச் சொத்து. அங்கே போய்ச் சேர, பண்படுத்தாத தனியார் நிலத்தின் வழியாக நடந்து போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கவனியுங்கள், நடந்து. வண்டியில் கம்பெனிச் சாலை வழியாகப் போக அந்த உரிமை பேசாது. முப்பது, நாற்பது மைல் உள்ளே இருக்கும் ஏரிக்கு யாரும் நடந்து போவதில்லை என்பதால் நடைமுறையில் வாசலில் பணம் கட்டித்தான் போகிறோம்.

மேற்குக் கரையில் வேறு மாதிரி. வாஷிங்டன் மாநிலத்தில் வெயர்ஹாவுசர் என்ற மரக் கம்பெனி தன் காடுகளுக்கு ஆண்டு பெர்மிட் விற்கிறது. காட்டுக்கு இத்தனை என்று எண்ணிக்கை உண்டு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். வண்டியோடு உள்ளே போகும் பெர்மிட் சில நூறு டாலர் வரும். பெர்மிட் வாங்கினால் கேம்பிங்கும் சேர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது, ஒவ்வொரு காட்டின் விதியையும் தனியாகப் படிக்க வேண்டும். கோடையில் நெருப்பு அபாயம் கூடினால் பணம் கட்டியவருக்கும் வாசல் மூடும்.

கம்பெனி தன் நிலத்துக்குக் கட்டணம் வாங்குவது சட்டப்படி சரி. குப்பை கொட்டுகிறவர்களும், மரம் திருடுகிறவர்களும், வாசலை உடைக்கிறவர்களும் உண்டு. அந்த மாநிலச் சட்டத்தில் நிலத்தை இலவசமாகத் திறந்துவிடுபவருக்கு விபத்து வழக்கிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு, பணம் வாங்கினால் போய்விடும். அந்தப் பொறுப்புக்கும் செலவு உண்டு. ஆனால் நிலத்தின் பூர்வீகத்தையும் பார்க்க வேண்டும். 1900-ல் பிரெடரிக் வெயர்ஹாவுசரும் கூட்டாளிகளும் 9 லட்சம் ஏக்கரை நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனியிடம் வாங்கினார்கள். அந்த ரயில் கம்பெனிக்கு 1864-ல் நிலத்தை மானியமாகக் கொடுத்தது அமெரிக்க அரசு. பாட்டன் காலத்திலிருந்து அதே மலையில் மான் வேட்டைக்குப் போன மரவெட்டிக் குடும்பத்தின் பையன், தன் சம்பளத்தில் பெர்மிட் வாங்க முடியாமல் வெளியே நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நாள் கணக்கில் கட்டணம், உள்ளூர்க்காரருக்குக் குறைவு, எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்ற மெய்ன் வழியே நல்லது என்பேன். ஒரு நாள் லீவு கிடைத்தவரும் உள்ளே போகலாம்.

நண்பருக்கு நான்காம் நாள் மூஸ் கிடைத்தது, சாலையிலிருந்து இருநூறு அடிக்குள். ஆனாலும் கயிறும் கப்பியும் போட்டு இழுக்க மதியம் முழுக்க ஆனது. அந்தச் சரளைச் சாலை மட்டும் இல்லையென்றால் நாங்கள் மூவரும் அதை வெளியே கொண்டு வந்திருக்க முடியாது.

நீங்கள் போவதாக இருந்தால், செக்போஸ்ட் எத்தனை மணிக்கு மூடும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பெட்ரோலை வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே பங்க் கிடையாது, போன் சிக்னலும் இருக்காது. அப்புறம், சாலையில் கத்தி மாதிரி கல் கிடக்கும். முழு அளவு ஸ்டெப்னி இரண்டு எடுத்துப் போங்கள். எங்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டது.