கனடாப் பெட்டியின் பிளக்கை வெட்டாதீர்கள்

மாங்குளத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ரொறன்ரோவில் கடை வைத்திருந்த அவருடைய மச்சான், கடையை மூடும்போது மூலையில் நின்ற ஆர்கேட் விளையாட்டு இயந்திரத்தையும் வீட்டுச் சாமான்களோடு கொன்டெய்னரில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஆளுயரப் பெட்டி. உள்ளே பழைய ரிவியில் இருப்பது போன்ற 19 அங்குலப் படக்குழாய், அதாவது ரியூப். பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. அடிப்பலகை ஊறிப்போயிருக்கிறது. வந்து பார்த்த ஒரு திருத்துவேலைப் பாஸ், "ரியூப் ஆபத்து, அதைக் கழற்றிப் போட்டு எல்சிடி பூட்டலாம், கேம் ஓடுகிற சர்க்கிட் போட்டையும் எடுத்துவிட்டு மூவாயிரம் கேம் உள்ள பெட்டி வைக்கலாம், வயரிங்கை 230க்கு மாற்றித் தாறன்" என்று பெரிய தொகை ஒன்று கேட்டிருக்கிறார். கழற்றும் பழைய சாமானை அவரே கொண்டுபோவாராம். "பிள்ளைகள் இரண்டு பேரும் எந்த நேரமும் அதைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். அவர் சொல்கிறபடி செய்யலாமா, இல்லாவிட்டால் நானே பிளக்கை மாற்றி ஒருதரம் போட்டுப் பார்க்கட்டுமா?" இதுதான் கேள்வி.

இரண்டும் வேண்டாம். முக்கியமாக இரண்டாவது வேண்டவே வேண்டாம்.

உங்கள் பெட்டியில் இருக்கும் கனடாப் பிளக் இரண்டு தட்டையான தகடும் ஒரு உருண்டைக் கம்பியும் உள்ளது. அது நமது சுவர்ப் பிளக்கில் போகாது. அது போகாமல் இருப்பதுதான் இப்போது உங்கள் இயந்திரத்துக்கு உள்ள ஒரே காவல். அதை வெட்டி நமது மூன்று சதுரக் கால் பிளக்கைப் பூட்டினீர்கள் என்றால், நாளைக்கு யாராவது நேரே சுவரில் செருகுவார்கள், 120க்குச் செய்த சாமானுக்குள் 230 பாயும். வீட்டில் எந்தப் பிளக்கையும் ஏற்கிற வெள்ளை அடப்டர் இருந்தால் அதையும் எடுத்து ஒளித்து வையுங்கள்.

வேண்டியது ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போர்மர். 230ஐ வாங்கி 110 அல்லது 115 கொடுக்கிற பெட்டி. முழு இயந்திரமும் அதன் வழியாகவே ஓடட்டும், உள்ளே ஒரு வயரையும் தொடத் தேவையில்லை. 19 அங்குல ரியூப் உள்ள இயந்திரம் சாதாரணமாக 200 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும், போட்ட கணத்தில் கொஞ்சம் கூட இழுக்கும். ஆகவே உண்மையான 500 வாட் பெட்டி தாராளம். உண்மையான என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைகளில் 1000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளைப் பார்க்கிறேன், தூக்கினால் ஒரு கிலோ சீனிப் பைக்கற்றின் பாரம் கூட இல்லை. உள்ளே இரும்பும் செம்பும் இருந்தால் கை இழுக்கும். தலைமயிர் காய வைக்கும் கருவிக்கு என்று விற்கிற கையடக்கக் கன்வேர்ட்டரைத் தந்தால் வாங்காதீர்கள். அது மின்னலையை வெட்டி வெட்டித் தரும், இலத்திரனியல் சாமானுக்கு ஆகாது.

வாங்கியதும் இயந்திரத்தைச் செருகாமல், வெறும் ஸ்டெப் டவுனை மட்டும் போட்டு மல்ரி மீற்றரால் அளந்து பாருங்கள். 115 என்று எழுதிய ஸ்டெப் டவுன் பாதியாகத்தான் பிரிக்கும். வீட்டுக்கு 230 வந்தால் 115 தரும், இரவு பத்து மணிக்குப் பிறகு லைன் 244க்கு ஏறினால் 122 தரும். மீற்றர் 110க்கும் 115க்கும் இடையில் காட்டினால் நல்லது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்போர்மர் இங்கத்தைய 50 ஹேர்ட்ஸில் கூடச் சூடாகும், அதனால் 120ஐ விடக் கொஞ்சம் குறைவாகக் கொடுப்பதே அதற்கு சுகம். படத்துக்கோ விளையாட்டின் வேகத்துக்கோ 50 ஹேர்ட்ஸால் ஒன்றும் ஆகாது. அந்த வேகத்தைப் போட்டில் இருக்கிற, நேரம் கணிக்கும் கிறிஸ்டல் தீர்மானிக்கிறது.

இனிச் சொல்லப் போவதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், நிறையப் பேர் விழுகிற குழி இது. பின் கதவைத் திறந்தால் துளைகள் உள்ள தகரப் பெட்டி ஒன்று தெரியும், அதுதான் போட்டுக்கு 5 வோல்டும் 12 வோல்டும் கொடுக்கும் பவர் சப்ளை. அதில் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருக்கலாம். அதைப் பார்த்ததும், "ஆ, இதை 230க்குத் தள்ளினால் போதும், ஸ்டெப் டவுன் எதற்கு" என்று தோன்றும். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் தள்ளினார்கள். நான் போன நேரம் எல்லாம் முடிந்திருந்தது. கேம் சத்தம் வந்ததாம், எல்லாரும் கைதட்டினார்களாம். அடுத்த நிமிடமே கீழிருந்து "ம்ம்ம்" என்று ஒரு உறுமல், பிறகு வார்னிஷ் எரிகிற மணம். மேலே பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருந்த ரியூப் லைட்டின் சோக்கும் கருகிவிட்டது. அந்தச் சிவப்புச் சுவிட்ச் அந்தத் தகரப் பெட்டிக்கு மட்டும்தான். மொனிட்டருக்குத் தனியாக ஒரு ஐசோலேஷன் ட்ரான்ஸ்போர்மர், அதாவது லைன் கரண்டில் இருந்து பிரித்துக் கொடுப்பது, கீழே திருகியிருக்கும், மேல் விளக்குக்கு வேறு வழி. அவை அந்தச் சுவிட்சை அறியா. சில இயந்திரங்களில் அந்த ஐசோலேஷன் ட்ரான்ஸ்போர்மரிலேயே 230க்கு வயர் தொடுக்கும் கால் இருக்கும். பழைய அட்டாரிப் பெட்டிகளில் நிறம் பிரித்த சின்னப் பிளக் ஒன்றை மாற்றினால் 240 வரை ஏற்கும். ஆனால் அதன் மேல் அச்சில் எழுதியிருப்பதை உங்கள் கண்ணால் வாசித்தால் மட்டும் நம்புங்கள். வாசிக்க முடியாவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொண்டு ஸ்டெப் டவுனோடு நில்லுங்கள். அப்போது சிவப்புச் சுவிட்ச் 115இலேயே இருக்கவேண்டும்.

அந்த ஐசோலேஷன் ட்ரான்ஸ்போர்மரைத் "தேவையில்லாத பாரம்" என்று கழற்ற யாரையும் விடாதீர்கள். எலெக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ் கார்ட்னர் கே7000 போன்ற மொனிட்டர்களின் இரும்புச் சட்டம் அது இல்லாவிட்டால் நேரே கரண்டோடு தொடுப்பாகிவிடும். வெளியே வைக்கிற ஸ்டெப் டவுன் அந்த வேலையைச் செய்யாது. பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரே சுருள்தான், பிரிப்பு இல்லை.

அடுத்தது ஏர்த். காசுக் கதவு இரும்பு, பிள்ளைகள் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்றுதான் விளையாடுவார்கள். மலிவு ஸ்டெப் டவுனில் வெளியே வரும் துளை இரண்டே இரண்டாக இருக்கும், அதை வாங்கினால் ஏர்த் அங்கேயே அறுந்துபோகும். மூன்று துளை உள்ளதை வாங்குங்கள். அப்புறம் உங்கள் வீட்டு ஏர்த் உண்மையில் மண்ணுக்குப் போகிறதா என்று பாருங்கள். எனக்குப் பொறுமை போகிற இடம் இது. வீட்டுத்திட்ட வீடுகளில் மூன்று துளைப் பிளக் பூட்டி, மூன்றாவது துளைக்கு வயரே இழுக்காமல் விட்டிருப்பதை எத்தனை தரம் பார்த்துவிட்டேன். கரண்ட் எடுக்கப் படிவம், கையெழுத்து, முத்திரை எல்லாம் கேட்பார்கள். ஏர்த் கம்பி நட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஒருவரும் வருவதில்லை. நட்டிருந்தாலும் ஆவணி, புரட்டாதியில் நம்முடைய மண் காய்ந்து வெடிக்கிறபோது அந்தக் கம்பி பேருக்குத்தான் நிற்கும். கிணற்றடி ஈரம் படும் இடத்தில் நடுங்கள், கோடையில் வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ட்ரிப் சுவிட்சின் ரெஸ்ட் பட்டனை அமத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள். விழாவிட்டால் இயந்திரத்தை விடுங்கள், முதலில் வீட்டு வயரிங்கைத் திருத்துங்கள்.

சரி, ரியூப் ஆபத்தா? பின் கதவு பூட்டியிருக்கும்வரை வீட்டில் இருந்த பழைய ரிவியை விட ஆபத்து இல்லை. திறந்தால் ஆபத்துத்தான். ரியூப்பின் முதுகில் ரப்பர்த் தொப்பி போட்ட தடித்த வயர் ஒன்று போகும், அதில் 20,000 வோல்டுக்கு மேல், பிளக்கைக் கழற்றிய பிறகும் தங்கி நிற்கும். பழைய ரிவி திருத்தியவர்கள் இன்னும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் தட்டைத் திருப்புளியில் வயர் கட்டி, அதன் மறுமுனையை ரியூப்பைச் சுற்றியுள்ள பின்னல் கம்பியில் கொளுவி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்தத் தொப்பிக்குள் மெதுவாக நுழைத்தால் வேலை தெரிந்தவர். நேரே கையை விட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படம் குறுகி, வளைந்து, நடுங்கினால் ரியூப் பழுது என்று சொல்வார்கள். பெரும்பாலும் முப்பது வருடத்தில் காய்ந்துபோன கப்பாசிட்டர்கள்தான். அவற்றை மாற்றுவது ரிவி திருத்துபவருக்குப் பழகிய வேலை. ரியூப்பின் கழுத்து உடைந்தாலோ, திருத்தியும் வெளிச்சமே வராமல் போனாலோதான் எல்சிடியைப் பற்றி யோசிக்கவேண்டும்.

உங்களிடம் வந்த பாஸைப் பற்றி. அவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கணக்கு தெரியும். ஓடுகிற ரியூப்பையும் மூலப் போட்டையும் "குப்பை" என்று இலவசமாகக் கொண்டுபோவது, தேடுகிறவர்களுக்கு விற்பது, உங்களுக்கு மலிவு எல்சிடியையும் மூவாயிரம் என்று எழுதிய பெட்டியையும் பூட்டி அதற்கும் காசு வாங்குவது. அந்த மூவாயிரத்தில் ஒரே விளையாட்டே பல பெயரில் திரும்பத் திரும்ப வரும். வேறு விளையாட்டு வேண்டுமென்றால் மூலப் போட்டைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள். அதற்கு முன் போட்டில் சின்னப் பீப்பாய் போன்ற பற்றரி இருந்து பச்சை பூத்திருந்தால் அதை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள், அந்தக் கசிவு செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். பெட்டியின் வயர்க் கட்டு ஆர்கேட் போட்டுகளுக்குப் பொதுவாக 1985இல் வந்த ஜாமா முறையில் இருந்தால், அதாவது இரண்டு பக்கமும் 28 வீதம் 56 தொடுப்பு இருந்தால், புதிய போட் நேரே செருகும். தலைகீழாகச் செருகினால் போட் அந்தக் கணமே போய்விடக்கூடும். 7ஆம் இடத்தில் இருக்கவேண்டிய தடுப்புத் துண்டு பல கொனெக்டர்களில் விழுந்திருக்கும், ஆகவே பென்சிலால் "மேல்" என்று எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

ஊறிய அடிப்பலகை மரத்தூள் அட்டை, அது இனி இறுகாது. ஊறிய மட்டத்துக்குச் சற்று மேலே நேராக அறுத்து, 18 மில்லிமீற்றர் பிளைவுட்டால் புது அடிப்பாகம் வைத்துத் தாருங்கள் என்று தச்சரிடம் கேளுங்கள். கறையானுக்கு இந்த அட்டை சோறு மாதிரி. சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் முட்டாமல் இரும்புக் கால்களில் நிறுத்துங்கள், மண் கோடு ஏறினால் கண்ணில் படும். கழிவு ஒயில் பூசச் சொல்வார்கள். வேலிக் கட்டைக்குச் சரி, கரண்ட் ஓடுகிற பெட்டிக்குப் பூசாதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கனடாக் காசு தேடி அலையவேண்டாம். போட்டில் உள்ள வரிசைச் சுவிட்சுகளில் காசில்லாமல் ஆடும் வசதி இருக்கலாம். இல்லாவிட்டால் காசு விழும்போது தட்டுப்படும் சின்னச் சுவிட்சின் இரண்டு வயரில் இருந்தும் ஒரு பட்டனை இழுத்துக் கதவில் பூட்டலாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அமத்தினால் போதாது, ஸ்டெப் டவுனையே சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள்.

ஐசோலேஷன் ட்ரான்ஸ்போர்மரின் மேல் உள்ள எழுத்தைப் படம் எடுத்து, ஸ்டெப் டவுனில் மீற்றர் காட்டிய இலக்கத்தோடு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை போடவேண்டாம்.