வில்லாளரை இப்போதே கைவிட வேண்டுமா?

கேள்வி: என் சொந்த ஊர் காவேரிப்பட்டணம், ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகளாக ஓர் ஆன்லைன் மாய உலக விளையாட்டில் வில்லாளராக இருக்கிறேன். அடுத்த மாத அப்டேட்டில் என் கிளாஸின் (பாத்திர வகையின்) இரண்டு ஸ்கில்களை, அதாவது திறன்களை, நீக்கி, அம்பு மழையின் தாக்கத்தையும் 20 சதவீதம் குறைக்கப் போகிறார்கள். அறிவிப்பை இணைத்துள்ளேன். எங்கள் கில்டின், அதாவது விளையாட்டுக் குழுவின், தலைவர் என்னை மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலராக மாறச் சொல்கிறார். மனம் விட்டுப் போய்விட்டது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, ஷிப்ட் முடிந்து வந்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் பழக்கிய கை உங்களுடையது. விரல் தானாகப் போய் நிற்கும் இரண்டு பொத்தான்கள் இனி இல்லை என்றால் வலிக்கத்தான் செய்யும். விளையாட்டுக்காகவா இவ்வளவு வருத்தம் என்று கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய அறிவிப்பில், 20 சதவீதக் குறைப்பைச் சொல்லும் அதே வரியின் கடைசியில், அம்பு மழையின் கூல்டவுன், அதாவது மறுபடி ஏவக் காத்திருக்க வேண்டிய நேரம், 60 விநாடியிலிருந்து 45 விநாடியாகிறது என்றும் இருக்கிறது. ஆறு நிமிடம் நீடிக்கும் பாஸ் (பெரிய எதிரி) சண்டையில் இதுவரை அதை ஆறு முறை ஏவினீர்கள். இனி எட்டு முறை ஏவலாம். ஒரு மழைக்கு 100 என்று வைத்துக்கொண்டால் பழைய கணக்கு 600, புதிய கணக்கு மழைக்கு 80 வீதம் 640. கில்டாகச் சேர்ந்து பாஸை எதிர்க்கும் ரெய்டில் அம்பு மழையால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. தாமதிக்காமல் ஏவினால் கொஞ்சம் கூடவே கிடைக்கும். நாற்பது விநாடிக்குள் முடிந்துவிடும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில்தான் நஷ்டம். வில்லாளர் முதல் மழையிலேயே எதிராளியைச் சாய்ப்பதைத் தடுப்பதே விளையாட்டை உருவாக்கியவர்களின் நோக்கம் என்று எனக்குப் படுகிறது.

நீக்கப்படும் இரண்டு ஸ்கில்களைப் பற்றிய உங்கள் கோபம் வேறு வகை. பொத்தான்களைக் குறைப்பது, உங்கள் பக்கத்து மாந்தோப்புகளில் அறுவடை முடிந்ததும் செய்யும் கவாத்தைப் போன்றது. உள்ளே வெயிலும் காற்றும் நுழையட்டும் என்றுதான் வெட்டுகிறார்கள். புதிதாக வருபவர் முப்பது பொத்தான்களைக் கண்டு மிரண்டு ஓடிவிடக் கூடாது என்ற அக்கறையும் நியாயமானதே. என்றாலும் காய்க்கிற கிளையையும் சேர்த்து வெட்டிவிடும் கை எல்லாத் துறையிலும் உண்டு.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் வில்லேந்தும் வேட்டைக்காரர்கள் இதையெல்லாம் கண்டிருக்கிறார்கள். 2010-இல் அவர்கள் ஸ்கில்களுக்குச் செலவிட்ட மானா என்ற ஆற்றலை எடுத்துவிட்டு ஃபோகஸ் என்ற வேறொரு ஆற்றலைக் கொடுத்தார்கள். 2016-இல் வேட்டைக்காரர்களில் சர்வைவல் என்ற பிரிவினரின் கையிலிருந்த வில்லையே வாங்கிக்கொண்டு ஈட்டியைக் கொடுத்து முன்வரிசைக்கு அனுப்பினார்கள். முதல் மாற்றத்துக்குப் பழகிக்கொள்ள முடிந்தது. இரண்டாவது, தொலைவில் நின்று எய்வதற்காகவே அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்களின் விளையாட்டையே மாற்றிவிட்டது. அதே விளையாட்டில் 2012-இல் எடுக்கப்பட்ட பழைய பாணி டேலண்ட் மரங்கள் (திறன்களைத் தேர்ந்தெடுக்கும் கிளைப் பட்டியல்கள்) 2022-இல் புது வடிவில் திரும்பி வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே உங்களிடமிருந்து போவது வெறும் பொத்தானா, தொலைவில் நின்று எய்யும் அந்தச் சுகமேயா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அறிவிப்பைப் படித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்டேட்டை முன்கூட்டியே விளையாடிப் பார்க்க டெஸ்ட் சர்வர் திறந்திருப்பதாக அறிவிப்பிலேயே இருக்கிறது. விடுமுறை நாளில் உள்ளே போய், முதலில் பயிற்சிப் பொம்மையை ஐந்து நிமிடம் அடியுங்கள். காலியாகும் இரண்டு விசைகளிலும் வேறு எதையும் வைக்காதீர்கள். விரல் எந்த நேரத்தில் அங்கே ஓடுகிறது என்று கவனித்தால், எந்த ஸ்கில் உண்மையில் தேவைப்பட்டது என்பது தெரிந்துவிடும். பிறகு நன்கு பழகிய ஒரு பாஸோடு மோதிப் பாருங்கள். குறை கண்டால், 'வில்லாளரைக் கெடுத்துவிட்டார்கள்' என்று எழுதாமல், எந்தச் சண்டையில், எந்தக் கட்டத்தில், எதைச் செய்ய முடியாமல் போனது என்று எழுதி அனுப்புங்கள். சோதனைக் காலத்தில் எண்கள் மாறுவது வழக்கம்; அப்படிப்பட்ட குறிப்புதான் அவர்களுக்குப் பயன்படும்.

கில்டுத் தலைவரிடம் மேலே சொன்ன 640 கணக்கைக் காட்டி, அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு ரெய்டுகளுக்கு வில்லாளராகவே வருகிறேன் என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் கில்டுக்கு ஹீலர்தான் வேண்டும், உங்களுக்கும் அதில் ஆசை இருக்கிறது என்றால் தயங்காமல் மாறலாம். எப்படியானாலும் கோபத்தில் வில்லையும் கவசத்தையும் இப்போது உடைத்து விற்றுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகளில் சேர்த்த பொருள்களில் சில மறுபடி கிடைக்காமலே போகலாம்.