108 என்ற எண்ணுக்கு ஏன் இத்தனை பொருள்கள்?
வேலூரில் விபத்து நேர்ந்தால் ஆம்புலன்ஸுக்கு அழைக்கும் எண் 108. கோயில் அர்ச்சனையில் சொல்லும் போற்றிகளும் 108. பழைய வட ஆற்காட்டின் சோளிங்கர் இடம்பெறும் திவ்விய தேசங்களும், அதாவது ஆழ்வார்கள் பாடிய திருமால் தலங்களும், 108. 'படி' என்ற ஒரே சொல் அரிசி அளக்கும் படியையும் மாடிப் படியையும் இடத்துக்கேற்பக் குறிப்பதுபோல, எண்ணும் தான் வழங்கும் இடத்தால் பொருள் பெறுகிறது.

வழிபாட்டில் இது நிலைத்ததற்குச் சோதிடக் கணக்கைக் காரணமாகச் சொல்வர்: 27 நட்சத்திரங்களுக்குத் தலா 4 பாதங்கள் (கால் பகுதிகள்) என்றால் 108. இரண்டாகவோ மூன்றாகவோ நான்காகவோ ஒன்பதாகவோ பிரித்தாலும் மீதமே வராது என்பதால், 54 மணி மாலையை இருமுறை உருட்டியும் செபத்தைச் சரியாக முடிக்கலாம். இந்த எண்ணில் நான் மிகவும் வியப்பது இதைத்தான். ஆம்புலன்ஸ் எண்ணாகத் தமிழ்நாட்டில் இது வந்ததோ 2008இல்தான்.

108 திவ்விய தேசங்களையும் நேரில் சேவித்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். திருப்பாற்கடலும் பரமபதமும் நிலவுலகுக்கு அப்பாற்பட்டவை என்பதால், சென்று காணக்கூடியவை 106 மட்டுமே.