‘தி பிக் பரேட்’ (1925): உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கிங் விடோர் இயக்கி, ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் தயாரித்த முதல் உலகப் போர்ப் படம் இது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மௌனப்படத்தில் போர்க்காட்சி எப்படி எடுபடும்? குண்டுச் சத்தமே கிடையாதே?

பிரான்சில் போர் நடந்த பெல்லோ காட்டுக்குள் அமெரிக்கப் படை நுழையும் காட்சியைப் பாருங்கள். அமெரிக்க ராணுவம் எடுத்த போர்க்காலச் சுருள்களில் ஒரு சவ ஊர்வலத்தை விடோர் பார்த்தார். வீரர்கள் நடந்த அந்த மெதுவான நடை அவரை உலுக்கிவிட்டது. தாள வேகத்தைக் காட்டும் கருவியான மெட்ரோனோமை வைத்து அதன் வேகத்தைப் பிடித்தார். படப்பிடிப்பில் ஒரு பெரிய டிரம்மை அதே வேகத்தில் அடிக்கச் சொன்னார். டிரம்மின் ஒவ்வோர் அடிக்கும் ஓர் எட்டு வைக்க வேண்டும். தோட்டா பட்டுச் சாய்பவனும் அந்தத் தாளத்தில்தான் சாய வேண்டும். நடிக்க வந்த பிரிட்டிஷ் முன்னாள் வீரர் ஒருவர், “இதென்ன பாலே நடனமா?” என்று எரிந்து விழுந்தாராம். திரையரங்கில் அந்தக் காட்சி வந்ததும் இசைக்குழு வாசிப்பை நிறுத்திவிடும், டிரம் மட்டும் ஒலிக்கும். மரத்துக்கு மரம் ஆட்கள் விழ, மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே நடையில் போய்க்கொண்டே இருப்பார்கள். இதைவிட பயங்கரமான போர்க்காட்சியை நான் பார்த்ததில்லை.

கேள்வி: பிரான்சுக்கே போய் எடுத்தார்களா?

இல்லை. அந்தக் காடு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள எலிசியன் பூங்கா. லாரி அணிவகுப்பு டெக்சாஸில், ராணுவத்தின் உதவியோடு எடுத்தது. முதலில் போன குழு வளைந்த சாலையில் எடுத்து வந்தது. விடோருக்குப் பிடிக்கவில்லை. நேர்ச்சாலைதான் வேண்டும் என்று தானே போய்த் திரும்ப எடுத்தார்.

கேள்வி: கதை உண்மைச் சம்பவமா?

கற்பனைதான். ஆனால் கதை எழுதிய லாரன்ஸ் ஸ்டாலிங்ஸ் பெல்லோ காட்டுச் சண்டையில் காயப்பட்டு, பிற்பாடு ஒரு காலை இழந்தவர். நாயகனும் காலை இழந்துதான் ஊர் திரும்புகிறான்.

கேள்வி: நாயகனாக நடித்த ஜான் கில்பர்ட் காதல் படங்களின் நாயகன் ஆயிற்றே, போர்வீரனாகப் பொருந்துகிறாரா?

ரொம்ப நன்றாகவே. ஒப்பனை கிடையாது, நகத்தில் அழுக்கு இருக்க வேண்டும் என்று விடோர் சொன்னபோது அவர் முதலில் முரண்டு பிடித்தார். அப்புறம் ஒத்துக்கொண்டார். நாயகியாக வரும் ரெனே அடோரேக்குச் சூயிங்கம் மெல்லக் கற்றுக்கொடுப்பாரே, அது படப்பிடிப்பிலேயே உருவான காட்சி. அவள் அதை விழுங்கிவிடும் இடம் அவ்வளவு அழகு!

கேள்வி: எந்தப் பிரதியைப் பார்ப்பது?

கார்ல் டேவிஸ் இசையமைத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். வேகமாக ஓடும் மலிவுப் பிரதிகள் வேண்டாம். நடையின் வேகம் கெட்டால் காட்டுக் காட்சியே போய்விடும்.