பல்லுக்குக் கம்பி: கேட்டவையும் சொன்னவையும்

எனக்கு வயது 38. இனிமேல் கம்பி போட்டால் பல் நகருமா டாக்டர்?

நகரும். பல் ஒன்றும் சுவரில் அறைந்த ஆணி அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு இருக்கிறது. கம்பி தள்ளுகிற பக்கத்தில் எலும்பு கரையும், பல் விட்டு வந்த பக்கத்தில் புதிதாக வளரும். எட்டு வயதானாலும் அறுபதானாலும் நடப்பது இதுதான். உங்கள் வயதில் நான் முதலில் பார்ப்பது ஈறுகளை. துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அதைச் சரிசெய்த பிறகே கம்பி.

இன்னும் எட்டு மாதத்தில் வெளியூர் போகிறேன். கொஞ்சம் இறுக்கிக் கட்டி அதற்குள் முடிக்க முடியாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. நகரும், பெரும்பாலானோருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அளவு மீறி அழுத்தினால் நார்ச்சவ்வில் இரத்த ஓட்டம் நசுங்கி, பல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வேர் நுனி கரையவும் கூடும். போகிற ஊரில் வேறொரு நிபுணரிடம் தொடருங்கள். எக்ஸ்ரேக்கள், பல் அச்சு, சிகிச்சைக் குறிப்பு மூன்றையும் கையோடு வாங்கிச் செல்லுங்கள்.

நல்ல பற்கள் நான்கைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். மனம் ஒப்பவில்லை.

எல்லோருக்கும் பிடுங்க வேண்டியதில்லை. நெருக்கம் குறைவென்றால் பற்களின் பக்கவாட்டில் இம்மியளவு தேய்த்தே இடம் எடுக்கலாம். நெருக்கம் அதிகமாகவோ பற்கள் மிகவும் எத்தியோ இருந்தால், சிங்கப்பல்லுக்குப் பின்னால் அடுத்துள்ள பல்லை எடுப்பது வழக்கம். ஒவ்வொன்றும் சுமார் 7 மி.மீ. இடம் தரும். "பிடுங்காமல் செய்தால் என் உதடும் ஈறும் என்னவாகும்?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்க வேண்டும். விளக்காவிட்டால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

மகளுக்கு 12 வயது. வலிக்குமோ என்று அழுகிறாள்.

கம்பியைப் பல்லில் ஒட்டும்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் பல் கடுகடுக்கும். இரண்டு மூன்று நாளில் அடங்கும். அதுவரை மென்மையான உணவு போதும். கன்னத்தில் கம்பி உரசினால், கம்பிக்கென்றே தரும் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அந்த இடத்தில் கம்பிமேல் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை முதலில் ஈரம் போகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் கையோடு வந்துவிடும்.

கம்பிக்குப் பதிலாக அலைனர், அதாவது கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை, போடலாமா?

மிதமான கோணலுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறவர் என்றால், உங்களுக்குக் கம்பியே நல்லது.

கம்பியைக் கழற்றி மூன்று ஆண்டுகளாகின்றன. கீழ்வரிசை மறுபடி கோணுகிறது. பல் நகராமல் பிடித்துவைக்கக் கொடுத்த ரிடெய்னரை ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

அதுதான் காரணம். திருப்பி வைத்த பல்லை ஈறுகளிலுள்ள நார்கள் முறுக்கிய ரப்பர்போலப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, கம்பியே போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ்ப்பற்கள் நெருங்கும். பழைய ரிடெய்னரை மெல்லப் பொருத்திப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக, முழுவதும் உட்கார்ந்தால் இரவுதோறும் போடுங்கள். ஆடினாலோ ஒரு பக்கம் தூக்கி நின்றாலோ அழுத்தாதீர்கள், புதிதாக அச்செடுக்க வேண்டும். புதியது வந்ததும், கழற்றும்போதெல்லாம் அதற்குரிய டப்பாவில் வையுங்கள். சாப்பிடும்போது காகிதத்தில் சுருட்டி வைத்து, அதை எச்சில் தட்டோடு குப்பையில் கொட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் ஏராளம்.