சிலிண்டருக்குள் சலசலப்பது என்ன?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியையின் பதில்கள்

கேஸ் சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற மாதிரி சத்தம். கலப்படமா டீச்சர்? தீரும் சமயத்தில் படுக்கவைத்தால் இன்னும் இரண்டு வேளைக்கு வரும் என்கிறார் மாமியார். செய்யலாமா?
*– வாசகி, கும்பகோணம்*

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. மாமியாரிடம் டீச்சர் சொன்னார் என்றே சொல்லுங்கள், பழி என்மேல் விழட்டும்.

சலசலப்பது தண்ணீர் இல்லை, கேஸேதான். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை அது. சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேனுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிரே போதும். நம் ஊரில் இரண்டும் வாயுவாகத்தான் இருக்க வேண்டும். அழுத்தி அடைத்திருப்பதால் திரவமாகக் கிடக்கின்றன. ஒரு சிலிண்டரில் உள்ள 14.2 கிலோவையும் வெளியே விட்டால் சின்னக் குளியலறை ஒன்றை நிரப்பிவிடும்.

அடுப்பைத் திருகியதும், திரவத்துக்கு மேலே தேங்கியிருக்கும் ஆவி குழாய்க்குள் போகிறது. உள்ளே அழுத்தம் கொஞ்சம் இறங்க, கீழே இருக்கும் திரவத்தில் சிறிது ஆவியாகி அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஆவியாக வெப்பம் வேண்டுமே? சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் பெரிய அடுப்பு மணிக்கணக்கில் எரியும்போது பாருங்கள், சிலிண்டரின் கீழ்ப்பகுதி வியர்த்துக் கொட்டும். சில சமயம் வெண்பனியே பூத்துவிடும். அது எதுவரை ஏறியிருக்கிறதோ, ஏறக்குறைய அதுவரை திரவம் இருக்கிறது. வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. மேலே சட்டென்று காயும், திரவம் உள்ள பகுதியில் ஈரம் சற்று நேரம் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் விழும் கோடுதான் மிச்சக் கணக்கு.

படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் நுழையும். அது வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். அடுப்பில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஊட்டியில் வேலை பார்த்தபோது டிசம்பர் காலைகளில் அடுப்பு சுணங்கித்தான் எரியும். குளிரில் திரவம் ஆவியாவது மந்தமாகிவிடும். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துவார்கள் சிலர். அதுவும் வேண்டாத வேலை.

பெங்களூரில் மகன் வீட்டில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைகிறது. உறைந்தால் சுத்தமான எண்ணெய் என்று கடைக்காரர் சொல்வது சரியா?
*– வாசகர், திண்டுக்கல்*

கடைக்காரருக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறுகும். ஆனால் பனைக்கொட்டை எண்ணெயும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில்தான் இறுகும். அதைக் கலந்தாலும் உறையும். ஆகவே உறைவதை வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடியாது. இன்னொன்று: பனிக்கட்டி பூஜ்யம் டிகிரியில் டக்கென்று உருகும், எண்ணெய் அப்படியில்லை. பல கொழுப்புகளின் கலவை என்பதால் முதலில் குழைந்து, கலங்கி, பிறகுதான் தெளியும்.

கற்பூர டப்பாவில் மிளகு போட்டால் கற்பூரம் கரையாதாமே?
*– வாசகி, காரைக்குடி*

என் அம்மாவும் போடுவார். காப்பாற்றுவது மிளகு அல்ல, மூடி. கற்பூரம் உருகுவதற்கு 175 டிகிரியாவது வேண்டும்; ஆனால் உருகாமலேயே நேரே ஆவியாகிக்கொண்டிருக்கும். பள்ளியில் பதங்கமாதல் என்று படித்திருப்பீர்கள். டப்பாவைத் திறந்ததும் வரும் வாசனையே அதுதான். இறுக மூடினால் உள்ளே ஆவி நிறைந்து, வெளியேறும் அளவு கற்பூரம் திரும்பவும் படியும். நஷ்டம் நின்றுவிடும். மூடி லூஸாக இருந்தால் ஒரு கிலோ மிளகு போட்டும் பயனில்லை.

பொருளுக்கு மூன்று நிலைகளா, நான்கா, ஐந்தா? ஒவ்வொரு கைடிலும் ஒரு மாதிரி இருக்கிறது.
*– போட்டித் தேர்வு எழுதும் மாணவர், விருதுநகர்*

தேர்வுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது பிளாஸ்மா: அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்த வாயு. சூரியனில் இருக்கிறது, மின்னலில் இருக்கிறது, எரியும் டியூப்லைட்டுக்குள் பாதரச ஆவியும் ஆர்கானும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. ஐந்தாவது போஸ்-ஐன்ஸ்டீன் செறிவுநிலை: கடுங்குளிரில் அணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே அணுபோல நடந்துகொள்ளும் நிலை. டாக்காவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் ஒளியைப் பற்றிய தன் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அந்தக் கணக்கை அணுக்களுக்கும் நீட்டினார். அதைச் செய்து பார்க்க எழுபது ஆண்டுகள் பிடித்தன. 1995-இல் அமெரிக்காவின் கொலராடோவில் கார்னெலும் வீமனும் ரூபிடியம் அணுக்களை 170 நானோகெல்வினுக்குக் குளிர்வித்துச் சாதித்தார்கள். அதற்குக் கீழே குளிரவே முடியாது என்கிற எல்லையான தனிச்சுழிக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குகூட இல்லை! 2001-இல், இதே நிலையை உருவாக்கிய இன்னொரு இயற்பியலாளர் கெட்டர்லேயுடன் சேர்த்து நோபல் கொடுத்தார்கள். போஸுக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இட்லி மாவு திடமா, திரவமா?
*– ஏழாம் வகுப்பு மாணவி, ஈரோடு*

அரிசி, உளுந்துத் துகள்கள் திடம். அவை மிதக்கும் தண்ணீர் திரவம். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு வாயு. மூன்றும் ஒரே பாத்திரத்தில். ராத்திரிக்குப் பெரிய பாத்திரமாக எடுக்கச் சொல்லு அம்மாவிடம்.